லேஞ்சியில் முடிந்து வைத்த பொத்தான்

போன மாதம் பஸ்னா எனக்குப் போன் எடுத்தாள். கண்டியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், என் கடைசிப் பதினொரு வருடத்தை விழுங்கிய அதே வார்ட்டில், இப்போது அவள் நர்ஸ். சுகம் விசாரிக்கத்தான் எடுத்திருப்பாள் என்று நம்பி என் முழங்கால் கதையை ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

"சிஸ்டர், வார்ட்டுக்குப் புதுசா ஒரு ஃபோர்ம் வந்தீக்கி. அதுல ஆறு மூஞ்சி கீறியீக்கி. மொத மூஞ்சி சிரிக்குது, கடைசி மூஞ்சி அழுவுது. நோவு எவ்வளவுன்டு நோயாளி மூஞ்சியத் தொட்டுக் காட்டணுமாம்."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? நேத்து ஒப்பரேஷன் முடிஞ்ச ஒரு அம்மா, கண்ணுல தண்ணி ஓடுது, வெரல் சிரிக்கிற மூஞ்சியில ஈக்கி. ஏன் அம்மான்டு கேட்டா, அதுதான் பாக்க நல்லா ஈக்கின்டு சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன்பே புஷ்பராணியின் ஞாபகம் வந்துவிட்டது. பஸ்னாவும் அதற்காகத்தான் எடுத்திருக்கிறாள்.

"புஷ்பராணி அம்மாட கதைய எழுதித் தாங்க சிஸ்டர். புதுசா வந்த புள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணும். நேர்ல வந்து சொல்ல வேணாம். நீங்க பாதிக் கதையில ஏசத் தொடங்கிடுவீங்க."

உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் ஏச்சு வாங்க வேண்டியவள் நான்தான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஃபெக்டரியில் வேலை. எப்படியோ படித்து, எப்படியோ நர்ஸிங்குக்கு எடுபட்டேன். மூன்று வருடப் பயிற்சியில் ஊசி போடவும், மடிப்பு விழாமல் கட்டில் விரிக்கவும், சிங்களத்தில் கனவு காணவும் கற்றுக்கொண்டேன். பிறகு மகப்பேறு வார்ட், குழந்தைகள் வார்ட், எலும்பு வார்ட் என்று சுற்றவிட்டு, ஒருநாள் பிளாஸ்டிக் சேர்ஜரி வார்ட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும், நான் ஏதோ நடிகைகளுக்கு மூக்கு நிமிர்த்தும் இடத்தில் இருப்பதாக நினைத்தார்கள். அங்கே வந்தவர்கள் தீக்காயக்காரர்களும், இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்களும், உதடு பிளந்து பிறந்த குழந்தைகளும்தான். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்கு அதை மறுபடி கட்டிக் கொடுக்கிற வேலையும் எங்களுடையது.

அதில் இரண்டு மூன்று வழிகள் உண்டு. சிலருக்குத் தோலுக்கும் தசைக்கும் கீழே வெறும் பை ஒன்றை வைத்துத் தைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊசியால் அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். ஏற்றுகிற அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டு பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு வாங்க, பஸ்ஸில் நின்றுகொண்டு மேல் கம்பியைப் பிடிக்காதீங்க என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவோம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பிடித்த நெஞ்சு என்றால் தோல் விரிந்து கொடுக்காது. அவர்களுக்கு முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து வைக்க வேண்டும். பெரிய ஒப்பரேஷன் அது.

வலி அட்டை என்று ஒன்று ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கும். வலியே இல்லை என்றால் சைபர், இதற்கு மேல் முடியாது என்றால் பத்து. மணிக்கொரு தடவை கேட்டு எழுத வேண்டும். அந்த அட்டையில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. என் நோயாளிகள், அதிலும் தோட்டத்துப் பெண்கள், எப்போதும் ஒன்று இரண்டுக்கு மேல் சொல்ல மாட்டார்கள். "எங்க ஆளுங்க வலி தாங்குவாங்க" என்று மற்ற நர்ஸ்மாரிடம் பெருமையடித்துக்கொள்வேன். என் அம்மாவைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுவேன்.

இந்தப் பெருமையைச் சட்டை செய்யாத ஒரே ஆள் டொக்டர் ஷ்யாமலி. மயக்க மருந்து டொக்டர். ஒப்பரேஷனுக்குப் பிறகு வலியைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. குள்ளமான மனுஷி, நடந்தால் செருப்பு கீச்சுக் கீச்சென்று கத்தும். வார்ட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எங்கள் மேசையில் வைத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் மேசையில் வைத்த பேனா திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. இந்த அம்மாவுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று நாங்கள் எங்களுக்குள் சிரிப்போம். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நின்றுகொண்டு நோயாளியிடம் பேசி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருப்பார். அப்புறம் அவருக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்றை எடுத்து விடுவார்.

"அம்மா, இருமு."

மரியாதை எல்லாம் அவர் தமிழில் கிடையாது. நோயாளிகள் கோபிக்க மாட்டார்கள், சிரிப்பார்கள். இருமிய பிறகுதான், "இப்ப வலி எவ்வளவு?" என்று கேட்பார். நான் இரண்டு என்று எழுதியிருக்கும் இடத்தில் அவருக்கு ஆறு வரும். எனக்கு எரிச்சல் வரும். இருமினால் யாருக்குத்தான் வலிக்காது என்று முணுமுணுப்பேன்.

புஷ்பராணி புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்தார். நாற்பத்து நான்கு வயது, மூன்று பிள்ளைகள். இடது மார்பை எடுத்து, மருந்து ஏற்றி, கதிரும் பிடித்து, நோய் இல்லை என்று சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிளினிக்கில் சத்திரசிகிச்சை டொக்டர், அவரை நாங்கள் பெரிய டொக்டர் என்போம், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை இவரிடமும் கேட்டார். இது எதற்காக வேண்டும்? அவர் சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் மாற்றுவேன். அந்தக் கேள்விக்கு அழுகிறவர்கள் அதிகம். புஷ்பராணி அழவில்லை.

"பீலிக்குப் போக முடியலீங்க மிஸ்."

எனக்கு விளங்கிவிட்டது. பெரிய டொக்டருக்கு விளக்க வேண்டியிருந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குளியலறை கிடையாது, மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிற பீலியில்தான் பெண்கள் குளிப்பார்கள். பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்வார்கள்.

"இந்தப் பக்கம் ஒண்ணுமில்லாம பாவாடை நிக்க மாட்டேங்குதுங்க. வழுக்கி வழுக்கி எறங்குது. ஒரு கையால அதப் புடிச்சிக்கிட்டு ஒரு கையால எப்பிடிங்க தலை தேய்க்கிறது? ரெண்டு வருசமா அடுப்படியில ஒரு வாளித் தண்ணியில ஊத்திக்கிறேன். எல்லாரும் பீலியில கதைச்சிச் சிரிச்சிக் குளிக்கிற சத்தம் வீட்டுக்குக் கேக்கும்."

நான் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் பெரிய டொக்டர் அவருடைய ஃபைலை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு முதுகிலிருந்து சதை எடுக்கலாம் என்று சொல்லி, தன் முதுகைத் தொட்டே காட்டினார்.

"முதுகு வேணாங்க," என்றார் புஷ்பராணி, நான் மொழிபெயர்க்கும் முன்பே. "கூடை முதுகுலதானே இருக்கு."

நான் அதை மாற்றிச் சொன்னதும் பெரிய டொக்டர் சிரித்துவிட்டார். அப்படியானால் அடிவயிறு என்றார். சதையோடு தசையில் ஒரு கீற்றையும் எடுத்து, அந்த இடத்தில் வலை வைத்துத் தைக்க வேண்டும், ஆறு மாதம் பாரம் தூக்கக் கூடாது. புஷ்பராணி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

"மூணு புள்ள பெத்த வயிறுங்க. எம்புட்டு வேணுமோ எடுத்துக்கச் சொல்லுங்க."

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் பெரிய டொக்டர் நிதானமாக, நீளமாகப் பேசினார். முதல் மூன்று நாள் கடுமையான வலி இருக்கும். அதைத் தாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. மருந்து நிரப்பிய ஒரு பம்ப் பக்கத்தில் இருக்கும், வலிக்கும்போது அதன் பொத்தானை அவரே அமத்தலாம், அளவுக்கு மேல் போகாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். வலியை மறைக்காமல் சொன்னால்தான் வேறு கோளாறு இருந்தாலும் எங்களுக்குத் தெரியவரும். இதெல்லாம் அவர் சொன்னது. வெளியே வாங்குப் பலகைகளில் நோயாளிகள் நிரம்பி வழிந்தார்கள், மணி பதினொன்று தாண்டியிருந்தது. நான் தமிழில் சொன்னது இதுதான்:

"நல்லா வலிக்கும், மூணு நாளைக்கு. தாங்குவீங்கதானே?"

"தாங்குவேங்க," என்று சொல்லி, எழுத்துக் கூட்டிக் கூட்டி அவர் கையெழுத்துப் போட்டார்.

ஒப்பரேஷன் அன்று எனக்கு லீவு. மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து பொறுப்பெடுத்தேன். வயிற்றுத் தையல் இழுபடாமல் இருக்கக் கட்டிலை நடுவில் மடித்து, முழங்கால்களை உயர்த்தி, அரைவாசி உட்கார்ந்த நிலையில் அவரை வைத்திருந்தார்கள். புதிய மார்பை மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். நிறம், சூடு, அப்புறம் விரலால் அமத்தி விட்டால் வெளுத்த இடம் எத்தனை எண்ணுவதற்குள் திரும்பச் சிவக்கிறது என்பது. எல்லாம் சரியாக இருந்தது. வலி அட்டையில் ஒன்று, ஒன்று, சைபர், ஒன்று. பம்பில் பொத்தானை அமத்திய தடவைகள் தெரியும். அதிலும் சைபர்.

"எப்பிடி இருக்கு புஷ்பராணி?"

"நல்லா இருக்குங்க மிஸ்."

"வலி எத்தனை?"

என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். "ஒண்ணு போட்டுக்கங்க."

போட்டேன். பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, இவ்வளவு பெரிய ஒப்பரேஷனுக்குப் பிறகும் ஒருதடவைகூடப் பொத்தானைத் தொடவில்லை பாருங்கள் என்று காட்டவும் செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகும்.

பத்து மணிக்குப் பார்த்தபோது புதிய மார்பின் வெளி ஓரம் ஒரு மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. தொட்டால் குளிர்ந்தது. அமத்தி எண்ணினேன், சிவக்கவே நேரம் எடுத்தது. காய்ச்சல் லேசாக ஏறியிருந்தது. விரலில் மாட்டிய கருவியில் ஒட்சிசன் இறங்கியிருந்தது. ஓடிப்போய்ப் பெரிய டொக்டரை அழைத்து வந்தேன். அவர் பார்த்தார், இரத்தம் வடிகிற குழாயைப் பார்த்தார், சூடாகப் போர்த்தச் சொன்னார், சேலைனைக் கூட்டச் சொன்னார்.

"மூச்சு மேலாலே மட்டும் போகுது," என்று சிங்களத்தில் சொன்னார். "ஷ்யாமலியைக் கூப்பிடு. நாலு மணிக்கு நான் மறுபடி பார்ப்பேன். இப்படியே இருந்தா ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகணும்."

தியேட்டருக்குத் திரும்பப் போவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கெட்டுப்போன பகுதியை வெட்டுவார்கள். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் முழுவதையும் எடுப்பார்கள். வயிற்றிலும் சதை போய், நெஞ்சிலும் ஒன்றுமில்லாமல் இந்த மனுஷி புசல்லாவைக்குத் திரும்ப வேண்டும். மறுபடியும் அந்த அடுப்படி, அந்த ஒரு வாளித் தண்ணீர்.

கீச்சுக் கீச்சென்று செருப்புச் சத்தம் வந்தது. பேனாவை மேசையில் வைத்தார். ஸ்டூலை இழுத்தார். மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மா, இருமு."

புஷ்பராணி தொண்டையில் ம்க்கும் என்றார்.

"இல்ல. இருமு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருமவில்லை. மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுப் பக்கம் போனது. முகத்தில் வேறு ஒன்றும் அசையவில்லை.

டொக்டர் ஷ்யாமலி பம்பைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சைபரைக் கண்டு அவர் சந்தோஷப்படவில்லை. "பொத்தான் எங்கே?"

கட்டிலில் காணவில்லை. போர்வைக்குள் தேடினேன், இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன், அது தலையணைக்கு அடியில் போனது. இழுத்தால் ஒரு லேஞ்சி வந்தது. ஓரத்தில் பூப் போட்ட, முகம் துடைக்கிற சின்னக் கைக்குட்டை. அதற்குள் பொத்தானைச் சுற்றி, கை தவறியும் அமத்துப்படாதபடி இரண்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். நகத்தால் அவிழ்க்க எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. அந்த ஒரு நிமிடமும் டொக்டர் ஷ்யாமலி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலியைப் பிடித்து வைக்கிறவ மூச்சை ஆழமா இழுக்க மாட்டா, வசந்தா," என்றார் என்னிடம் சிங்களத்தில். "நெஞ்சில் சளி கட்டும், ஒட்சிசன் குறையும். வலியில் இரத்தக் குழாய் எல்லாம் இறுகும். அந்தப் புதுச் சதைக்கு இரத்தம் எங்கிருந்து வரும்?" பிறகு சத்தத்தைக் குறைத்து, "உன்னைப் போலத் தோட்டத்து ஆள்தானே. உன்கிட்ட ஏன் பொய் சொல்றா?" என்று கேட்டார்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படிச் சுட்டிருக்காது. அவர் ஊசியில் மருந்தை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றத் தொடங்கினார். நான் குனிந்து புஷ்பராணியின் காதுக்குப் பக்கத்தில் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன், மறைக்க மாட்டேன்.

"ஏம்மா இப்பிடிச் செஞ்சீங்க? வலிச்சா சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க எழுதிருவீங்களே மிஸ்."

"எழுதினா என்ன?"

அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "தாங்குவேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே. நீங்கதானே கேட்டீங்க, தாங்குவீங்கதானேன்னு. இப்ப முடியலைன்னு சொன்னா, சரி, இவளால முடியாதுன்னு எழுதி, வச்சத எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு... கொப்பியும் பேனாவுமா வந்து முடியுதான்னு கேட்டா, எங்க தோட்டத்துல யாருங்க முடியலைன்னு சொல்லுவா? பேரை வெட்டிருவாங்களே."

எனக்கு இது தெரியாதா? எங்கள் லயத்து வாசலில் விடிகாலையில் கங்காணி கொப்பியோடு நிற்பார். அம்மாவுக்குக் காய்ச்சலில் உடம்பு நடுங்கும். முடியுமா என்று கேட்பார். "முடியுங்க" என்று சொல்லிக் கூடையை எடுப்பார் அம்மா. பேர் விழுந்தால்தான் அன்றைய வேலை உண்டு. அந்த "முடியுங்க" என்ற சொல்லை எத்தனை தடவை கேட்டு வளர்ந்தவள் நான்! வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அதே மாதிரி அட்டையும் பேனாவுமாகக் கட்டிலின் தலைமாட்டில் நின்று, அதே கேள்வியைத்தான் நான் இத்தனை வருடமும் கேட்டிருக்கிறேன். கிடைத்த பதிலைப் பெருமையாக வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

அட்டையையும் பேனாவையும் அடுத்த கட்டிலில் போட்டேன். டொக்டர் ஷ்யாமலி செய்கிற மாதிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய டொக்டர் கிளினிக்கில் சொன்னதை, ஒரு சொல் விடாமல், அப்போதுதான் தமிழில் சொன்னேன். தாங்கத் தேவையில்லை என்று சொன்னார். பொத்தான் உங்களுக்காகத்தான் என்று சொன்னார். வலியைச் சொன்னால்தான் அந்தச் சதையைக் காப்பாற்றலாம். யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள். இதையெல்லாம் நான் அன்றைக்குச் சொல்லவில்லை, அவசரத்தில் விட்டுவிட்டேன், என் பிழை என்றும் சொன்னேன்.

அவர் என்னை நம்பலாமா என்று பார்த்தார். பார்க்க உரிமை இருந்தது.

"இப்ப சொல்லுங்க. எத்தனை?"

"ஒம்பதுங்க," என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

"நேத்திலிருந்தா?"

"நேத்து பத்துங்க."

டொக்டர் ஷ்யாமலிக்குத் தமிழ் எண்கள் தெரியும். வயிற்றுத் தையலின் இரண்டு பக்கமும் மரத்துப்போக விறைப்பூசியும் போட்டார். சிறிய தலையணை ஒன்றை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்துப் புஷ்பராணி முதல் தடவையாக இருமினார். வார்ட் முழுக்கக் கேட்டது. அடுத்த கட்டில் அம்மா ஒருத்தர், "அப்பாடா" என்றார்.

அன்று நான் சாப்பிடப் போகவில்லை. அவர் ஆழமாக மூச்சு இழுப்பதும், இருமுவதும், பொத்தானை அமத்துவதும், நான் ஓரத்தை அமத்தி எண்ணுவதுமாக நேரம் போனது. ஒவ்வொரு தடவை பொத்தானை அமத்தும்போதும் அவர் என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன். பன்னிரண்டு மணிக்கு ஓரம் அப்படியேதான் இருந்தது. ஒரு மணிக்கு நீலம் கொஞ்சம் வெளிறியது மாதிரி தெரிந்தது, ஆசையில் கண் பொய் சொல்கிறதோ என்று பயிற்சிப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டரைக்குத் தொட்டபோது சூடு இருந்தது. அமத்தி விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. சிவந்தது. நான் இன்னொரு தடவை அமத்தினேன். மறுபடியும் சிவந்தது.

நாலு மணிக்குப் பெரிய டொக்டர் வந்து தன் விரலால் அமத்தி, வாய்க்குள் எண்ணி, நிமிர்ந்தார். "தியேட்டர் வேணாம்" என்றார்.

நான் துணி அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷ அழுகைதான், ஆனால் வெட்கமும் அதில் கலந்திருந்தது. முகம் கழுவி வந்தால் மேசையில் டொக்டர் ஷ்யாமலி சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒன்று வைத்திருந்தார். அவருடைய பேனா வழக்கம்போலக் காணாமல் போயிருந்தது.

"ஒவ்வொரு நாளும் ஏன் இங்கே வைக்கிறீங்க டொக்டர்?" என்று அன்றுதான் கேட்டேன்.

"கையில் இருந்தா நான் எழுதிட்டே கேட்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன்," என்றார். "அவ்வளவுதான்."

அவருக்கு அது போதுமான காரணம். எனக்கு வேறு ஒரு காரணமும் கிடைத்திருந்தது. அன்றிலிருந்து நானும் பேனாவை மேசையில் வைத்துவிட்டுத்தான் கட்டிலுக்குப் போனேன். கேட்டு, இருமச் சொல்லி, கையை உயர்த்தித் தலை சீவிக் காட்டச் சொல்லி, திரும்பி வந்துதான் எழுதுவேன். அந்த மாதத்தில் எங்கள் வார்ட்டில் வலி எண்கள் எல்லாம் தடாலென்று ஏறின. மேலிடத்திலிருந்து என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். இப்போதுதான் உண்மை சொல்கிறார்கள் என்று பதில் சொன்னேன்.

புஷ்பராணிக்கு அதற்குப் பிறகு பெரிய சிக்கல் ஒன்றும் வரவில்லை. ஓரத்தில் நகக்கண் அளவு தோல் காய்ந்து, தானாக உதிர்ந்தது. வலி மட்டும் உடனே விட்டுப் போகவில்லை. ஒரு கிழமைக்கு நிமிர்ந்து நடக்க முடியாது, கூனிக்கொண்டு கட்டிலைப் பிடித்துப் பிடித்து நடப்பார். தும்மல் வந்தால் தலையணையைத் தேடுவார். எல்லாவற்றையும் விடச் சிரிப்புத்தான் அவருக்குப் பெரிய எதிரி. பக்கத்துக் கட்டில்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "வயித்தையும் கொறைச்சு நெஞ்சையும் கட்டிக்கிட்டீங்க, உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர்தான்" என்று ஒருத்தி சொல்ல, இவர் தலையணையை அமுக்கிக்கொண்டு, "ஐயோ, பேசாம இருங்கடி, எட்டுடி, எட்டு" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது அந்தச் சின்னத் தலையணையைக் கேட்டார். ஆஸ்பத்திரிச் சாமானைக் கொடுக்க முடியாது. மறுநாள் என் வீட்டுத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். வீட்டுக்காரர் பிடித்து வந்த ஓட்டோவில், குண்டு குழிக்கெல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தார். அடை மழை நாள். குடையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் வெறுங்கையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்து, நோவு எப்படி என்று கேட்டேன்.

என் கையைப் பார்த்தார். "பேனா எங்க மிஸ்?"

"மேசையில இருக்கு. அப்புறமா எழுதிக்கலாம்."

"எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். அட்டையும் கொண்டு வரச் சொன்னார். வந்து உட்கார்ந்ததும், வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்த மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வயித்துத் தையல் மழைக்கு இழுக்குதுங்க. அது நாலு. இடப்பக்கம் திரும்பிப் படுத்தா அஞ்சு. கூடை இன்னும் தூக்கல, தேயிலை நாத்து வளக்குற தவறணையில தண்ணி ஊத்துற வேலை குடுத்திருக்காங்க, குனிஞ்சா மூணு. இந்தப் புதுப் பக்கம் சைபருங்க. பொய்யில்ல மிஸ், நெசமாவே சைபரு. தொட்டாலே தெரியல. தண்ணி படுறதுகூடத் தெரிய மாட்டேங்குது, குனிஞ்சு பாத்தாத்தான் நனைஞ்சிருக்குன்னு தெரியுது."

"தண்ணியா? எந்தத் தண்ணி?"

பின்னால் கையைக் கொண்டுபோய்க் கூந்தலை முன்னுக்கு இழுத்து என் மடியில் போட்டார். நுனி இன்னும் ஈரமாக இருந்தது.

"காலையில பீலியில குளிச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன். ரெண்டு கையாலயும் தேச்சு," என்றார். நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்தோ என்னவோ, என் பேனாவை விரலால் தட்டினார். "எழுதுங்க மிஸ். இந்தத் தடவை ஒண்ணும் விட்டுறாம எழுதுங்க."